ஊர் வக்கீலும் ஊர்ப் பொறுப்பும்

1900-ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியபோது ராஜாஜிக்கு வயது இருபத்தொன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அன்று அதுவும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். முதலமைச்சர், கவர்னர் ஜெனரல், ‘சக்கரவர்த்தித் திருமகன்’ ஆசிரியர் என்று நாம் அறிந்த ராஜாஜிக்கு முன்னால், கிரிமினல் வழக்குகளில் பேர் வாங்கிய ஒரு சேலத்து வக்கீல் இருந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்த அந்த வாழ்க்கையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் பிறந்த குடும்பம் அது. நாற்பது வயது நிறையும் முன்பே மனைவி அலமேலு மங்கம்மாவை இழந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைகளை வளர்த்துக்கொண்டே தொழிலும் பார்த்தார், ஊர்க் காரியமும் பார்த்தார்.

1911-ல் நகரசபை உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். சேலம் நகரசபைக்குள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முதல் உறுப்பினர் வந்து அமர்ந்தது அவர் எடுத்த முயற்சியால்தான். இதற்கிடையே 1916-ல் வெங்கடசுப்பையரோடு சேர்ந்து, அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேடுவதற்கென்றே ஒரு கழகத்தைச் சேலத்தில் தொடங்கினார். கோர்ட்டும் கட்சிக்காரர்களும் தின்றது போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த வேலை இது.

ராஜாஜி என்றதும் சிலருக்கு 1937-ன் கட்டாய இந்தியும் 1953-ன் கல்வித் திட்டமும் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு அவர் குறை சொல்ல முடியாத மூதறிஞர். அந்த வாதம் நியாயமானது, முடிவில்லாதது. இங்கே அதை எடுக்கப்போவதில்லை. சேலத்து வக்கீலை மட்டும் பார்ப்போம். அவர் சேலம் நகரசபைத் தலைவராக இருந்த அதே நாட்களில், பக்கத்து ஈரோட்டில் நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ.வெ. ராமசாமி. இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனதற்கு நகராட்சி வேலையும் ஒரு காரணம். பிற்காலத்தில் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களான இருவர், குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பேசும் நாற்காலிகளில் ஒரே காலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்பதில் இரு கட்சி இருக்க முடியாது.

வக்கீல் நகரசபையில் அமரும் வழக்கம் ராஜாஜிக்கு முன்பே சேலத்தில் இருந்தது. சேலம் விஜயராகவாச்சாரியார் நகரசபை உறுப்பினராகவும் வக்கீலாகவும் இருந்தபோது 1882-ல் ஊரில் மதக் கலவரம் வெடித்தது. அதில் அவரையும் குற்றவாளியாகச் சேர்த்துப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் போராடி விடுதலை பெற்றார். தன்னை நகரசபையிலிருந்து நீக்கியதை எதிர்த்தும் வழக்குப் போட்டு நூறு ரூபாய் இழப்பீடு வாங்கினார். நூறு ரூபாய்க்காக அரசாங்கத்தின்மீது வழக்குப் போடுவதா என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள். ஊர் தேர்ந்தெடுத்த ஆளை அதிகாரிகள் நினைத்தபடி தூக்கியெறிய முடியாது என்பதை அந்த நூறு ரூபாய் நிலைநாட்டியது. 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய பின்னும் அவர் பெயரோடு சேலம் என்ற ஊர் ஒட்டிக்கொண்டே இருந்தது.

பி.வி. நரசிம்ம ஐயர் கதை வேறு. அவரும் சேலத்தில் வக்கீல், நகரசபைக்காரர். குழந்தைகளைக் கிணற்றில் பறிகொடுத்த துயரத்தில் தொழிலையே விட்டு வெளியேறி, பிறகு ரமண மகரிஷியின் வரலாற்றை எழுதினார். நரசிம்ம சுவாமி என்ற பெயரில் மயிலாப்பூரில் அகில இந்திய சாயி சமாஜத்தை நிறுவினார். ஒரே ஊர்க் கோர்ட்டில் வாதாடிய மூன்று பேர் மூன்று திசையில் போனார்கள். ஆனால் மூவருமே தொழில் நடத்திய ஊரின் நகரசபையிலும் அமர்ந்தவர்கள்.

பழைய காலத்தைப் பொற்காலமாக்குவது நம் ஊர்ப் பழக்கம். அந்தக் கோர்ட்டு எல்லோருடையதாகவும் இருக்கவில்லை. பெண்கள் வக்கீலாவதற்கு இருந்த தடையை நீக்கிய சட்டமே 1923-ல்தான் வந்தது. ஆங்கிலக் கல்வியும் சென்னைக்குப் போய்ப் படிக்கும் வசதியும் வாய்த்த சில குடும்பங்களுக்குள்ளேயே தொழில் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்காட வந்த விவசாயிக்குத் தன் வழக்கில் என்ன பேசப்பட்டது என்பதே விளங்கவில்லை. இன்று நிலைமை நல்லபடியாக மாறியிருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் உண்டு. தறிக்காரர் மகளும் லாரி டிரைவர் மகனும் கருப்புக் கோட்டு போட்டு வருகிறார்கள். 1976-ல் செய்த சட்டத் திருத்தத்தின் பலனாகக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம், தமிழில் தீர்ப்புக் கேட்கலாம். வக்கீல் தொழில் ஊருக்கு இத்தனை பக்கத்தில் வந்த காலம் முன்பு இருந்ததில்லை. அப்படியிருக்க, வக்கீலுக்கும் ஊருக்கும் நடுவே மனத்தாங்கல் மட்டும் வளர்ந்துகொண்டே போவது ஏன்?

இரு பக்கத்தையும் கேட்டுப் பார்ப்போம்.

ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி, சங்ககிரி, எந்தத் தாலுகா கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையில் பழைய கிரயப் பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று, ஓரம் கிழிந்த நகல்கள். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தவர். பெயரைக் கூப்பிடுவார்கள், உள்ளே போன வேகத்தில் வெளியே வருவார். ‘வாய்தா’ என்பார் குமாஸ்தா. அன்றைய கூலி போச்சு. வக்கீல் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், எதிர்க்கட்சி வக்கீலோடு சேர்ந்து டீ குடிக்கிறார், கோர்ட்டு புறக்கணிப்பு என்று அடிக்கடி கதவைச் சாத்திவிடுகிறார்கள் என்பது அவர் மனக்குறை. இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வக்கீல்களின் பக்கம் போனால் வேறு கணக்கு. தினப்பட்டியலில் உள்ள அத்தனை வழக்கையும் ஒரு நீதிபதி ஒரு பகலில் விசாரிக்க முடியாது. சம்மன் சார்பு ஆகவில்லை என்று திரும்பி வரும். சர்வேயர் அறிக்கை தாலுகா ஆபீஸிலிருந்து வராது. வாய்தா வாங்கச் சொல்வது பல சமயம் கட்சிக்காரரேதான்: “சித்திரை வரைக்கும் தள்ளிப் போடுங்க சார், அறுவடை முடியட்டும்.” கைவசம் நிலம் இருப்பவருக்கு வழக்கு நீள்வது லாபம். ஆக, இழுத்தடிப்பு என்பது வக்கீலின் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. அதற்குக் கட்சிக்காரரின் கையெழுத்தும் உண்டு. எதிர்க்கட்சி வக்கீலோடு டீ குடிப்பதையும் தப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் முப்பது வருஷம் சேர்ந்து தொழில் நடத்துகிறவர்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாவிட்டால், சமரசம் பேச யார் இருப்பார்கள்?

இளையவர்களின் பாடு இன்னும் தனி. சீனியரிடம் சேர்ந்து ஃபைல் தூக்கி, வழக்குக் கட்டைப் படித்து, வாய்தாவுக்கு ஆஜராகி, மாதக் கடைசியில் கையில் பெட்ரோல் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். 2024-ல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரவேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நல்ல முடிவு. ஆனால் தாலுகா ஊரில் தனியாகத் தொழில் பார்க்கும் சீனியர் ஒருவர், “எனக்கே மாதம் அவ்வளவு தங்காது” என்று சொன்னால் அதிலும் உண்மை இருக்கும். இரண்டு மூன்று சீனியர்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்வது, சங்க நிதியிலிருந்து ஒரு பங்கு கொடுப்பது என்று ஊருக்கு ஏற்ற வழியைச் சங்கங்களே உட்கார்ந்து பேசலாம். உத்தரவைக் காட்டிச் சண்டை போடுவதும் உத்தரவை மறந்துவிடுவதும் இரண்டுமே ஜூனியரின் வயிற்றை நிரப்பாது.

வக்கீல் வீட்டாரின் பங்கையும் ஊர் பார்ப்பதில்லை. சின்ன ஊரில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். காலை ஆறரைக்கே யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் பாகப்பிரிவினையை விவரிக்கத் தொடங்குவார். குழந்தைகளின் படிப்பு, வயதான பெற்றோரின் மருத்துவம் எல்லாம் இந்த வரத்துப் போக்குக்கு நடுவேதான் நடக்க வேண்டும். வக்கீல் தொழிலில் உள்ள பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. நம் தாலுகா நீதிமன்றங்களில் பெண் வக்கீல்கள் உட்கார ஒரு தனி அறை, நல்ல கழிப்பறை, கைக்குழந்தையை விட ஓர் இடம் கேட்டால் அது சலுகை கேட்பதாகாது. ஆண்கள் நடத்தும் சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் வைத்தால், தொழிலுக்கே கௌரவம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கே உரிய வழக்குகளுக்கு வருவோம். நிலமும் கிணறும் தடமும்தான் இங்கே பாதிப் பேரைக் கோர்ட்டுப் படி ஏற்றுகின்றன. கொங்குப் பக்கத்துப் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் ‘மாமூல் வண்டித்தட பாத்தியம்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். மாட்டு வண்டி போய்வரத் தாத்தா காலத்தில் விட்ட தடம் அது. எத்தனை அடி என்று அளந்து எழுதியிருக்க மாட்டார்கள். வண்டி போனால் போதும் என்பதே அன்றைய அளவு. இன்று மேட்டுக் காட்டுக்காரர் கோழிப்பண்ணை போட்டிருக்கிறார். தீவன லாரி வரவேண்டும், முட்டை வண்டி போகவேண்டும். கீழ்க் காட்டுக்காரருக்கோ லாரி திரும்பும்போதெல்லாம் வரப்பு சரிகிறது. மரவள்ளிக் கிழங்குப் பாத்தியில் சக்கரம் ஏறுகிறது.

மேட்டுக் காட்டுக்காரர் சொல்வது நியாயம்: காலம் மாறினால் வண்டியும் மாறும், தடம் இல்லாவிட்டால் பேங்க்கில் வாங்கிய கடனைக் கட்ட முடியாது. கீழ்க் காட்டுக்காரர் சொல்வதும் நியாயம்: மாட்டு வண்டிக்கு விட்ட உரிமையை லாரிக்கு நீட்டினால் பறிபோவது என் நிலம். கோர்ட்டுக்குப் போனால் தடை உத்தரவு, அட்வகேட் கமிஷனர் பார்வை, சர்வேயர் அளவு, சாட்சி, மேல்முறையீடு. தீர்ப்பு ஒருநாள் வரும். அது பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும். மழைக்காலத்தில் லாரி எத்தனை மணிக்கு வரலாம், சரிந்த வரப்பை யார் செலவில் கட்டுவது, மூன்றடி கூடுதலாக விட்டால் அதற்கு மாற்றாக எந்த மூலையில் நிலம் கொடுப்பது என்பதையெல்லாம் தீர்ப்பு சொல்லாது, சொல்லவும் முடியாது. இவை இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. இந்தப் பேச்சுக்கு நடுவே உட்காரத் தகுந்த ஆள், இரு வீட்டையும் தெரிந்த, சட்டமும் தெரிந்த ஊர் வக்கீல்தான்.

அடுத்தது பெண்களின் பங்கு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளைக் கலைக்க முடியாது என்பதும் சட்டத்திலேயே உண்டு. சட்டத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் குழப்பம் இல்லை. குழப்பம் வீட்டில் இருக்கிறது.

அண்ணன் சொல்கிறார்: “நகை போட்டோம், சீர் செஞ்சோம், அப்பாவைக் கடைசி வரைக்கும் நாங்கதான் பார்த்தோம், கிணறு வெட்டின கடனையும் நான்தான் கட்டினேன், இப்போ வந்து பாதி கேட்டால்?” அவர் வியர்வை சிந்தியது உண்மை. தங்கை சொல்கிறார்: “நகையும் சீரும் என் கையில நிற்கலை, விடுதலைப் பத்திரம்னு சொல்லாமயே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினாங்க, அப்பா எனக்கும் அப்பாதானே?” அதுவும் உண்மை. பங்கு உண்டா இல்லையா என்பதில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. சட்டம் சொல்வதுதான் முடிவு. ஆனால் எந்தக் காடு, எந்தக் கிணற்று முறை, கடனில் எவ்வளவு யார் தலையில், ரொக்கமாகத் தருவதா நிலமாகத் தருவதா என்பவற்றில் பேச நிறைய இடம் இருக்கிறது. முதல் நாளே தங்கையிடம் “உங்களுக்கு உரிமை உண்டும்மா”, அண்ணனிடம் “உங்க உழைப்புக்கும் கணக்குப் போடுவோம்” என்று இருவருக்கும் புரியும்படி சொல்லும் வக்கீல் அந்தக் குடும்பத்தின் அடுத்த இருபது வருஷப் பொங்கலைக் காப்பாற்றுகிறார். ஃபீஸ் கொஞ்சம் குறையலாம். தாய்மாமன் சீர் நிற்காமல் தொடரும்.

இதற்கான ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாக 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. இன்று மாவட்டங்களிலும் உண்டு. சமரசத்துக்கென்று தனிச் சட்டமே 2023-ல் வந்தது. ஆண்டுக்கு நான்கு முறை தேசிய மக்கள் நீதிமன்றம் கூடுகிறது. அங்கே முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். லாரித் தொழில் நடக்கும் நாமக்கல் பக்கத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் பல மக்கள் நீதிமன்றத்தில்தான் தீர்கின்றன. காசோலை வழக்குகளும் அப்படியே. நிலத் தகராறும் பாகப்பிரிவினையும் அந்த அளவுக்கு இங்கே வருவதில்லை. காரணம் தெரிந்ததுதான். விபத்தில் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி. தடத்தில் எதிர்த்தரப்பு பங்காளி. கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தால் மானம் போகாது.

சமரசம் என்ற உடனே சந்தேகம் எழுவதும் நியாயமே. கட்டப்பஞ்சாயத்தும் தன்னைச் சமரசம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பணமும் ஆள்பலமும் உள்ளவர் பக்கம் சாய்ந்து, இல்லாதவரை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் வைத்தால் அதைவிடக் கோர்ட்டு வாய்தாவே மேல். சமரச மையத்தில் நடுவர் பயிற்சி பெற்றவர். பேசியது வெளியே போகாது. பிடிக்காவிட்டால் யாரும் எழுந்து போய் வழக்கைத் தொடரலாம். எழுந்து போக முடியாத இடத்தில் நடப்பது சமரசம் அல்ல.

பேசித் தீர்க்கவே கூடாத வழக்குகளும் உண்டு. 2015-ல் திருச்செங்கோட்டில் தொடங்கிய, தலித் இளைஞர் கோகுல்ராஜின் சாதிக் கொலை வழக்கு நாமக்கல் மாவட்டத்தின் மனசாட்சியை இன்னும் உறுத்துகிறது. நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது; அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் அவர்களில் பெரும்பாலோருக்கு அதை உறுதி செய்தது. சாதிக் கொடுமை, பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான வன்முறை ஆகியவற்றில் ‘ஊர்ப் பெயர் கெடும், பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்வது ஊருக்குச் செய்யும் நன்மையாகாது. அங்கே வக்கீலின் வேலை வழக்கை நடத்துவது. சாட்சிக்கு வருபவருக்குத் துணை நிற்பது ஊரின் வேலை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வதும் நம் கடமைதான். “அவனுக்கா ஆஜராகிறீங்க?” என்று கேட்டு வக்கீல் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போவதை நிறுத்துகிறவர்கள், விஜயராகவாச்சாரியாருக்கு 1882 கலவர வழக்கில் தண்டனை விதித்ததும் ஒரு கோர்ட்டுதான் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

பழைய சேலத்து வக்கீல்களிடமிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள ஏற்றது நகரசபை நாற்காலி என்று நமக்குத் தோன்றுகிறது. இன்று வக்கீல்கள் கட்சி அரசியலில் நிறையவே இருக்கிறார்கள், வார்டில் குறைவு. 1866-ல் நகராட்சியாகி 1994-ல் மாநகராட்சியான சேலத்திலும், 1997-ல் தனி மாவட்டமான நாமக்கல்லின் பேரூர்களிலும் சண்டைகள் கோர்ட்டுக்குப் போகும் முன் உருவாகும் இடம் உள்ளாட்சியும் வருவாய்த் துறையும்தான். தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப்பட்டா, உட்பிரிவு செய்யாத சர்வே எண், அளந்து கல் நடாத எல்லை. இவை இருபது வருஷம் கழித்து வழக்காக முளைக்கும் என்று எந்த வக்கீலுக்கும் தெரியும். வருவாய்த் துறையினர் பட்டா முகாம் நடத்தும்போது அந்த ஊர் வக்கீல்கள் இருவர் மேசை போட்டு உட்கார்ந்து, வாரிசுச் சான்றுக்கு என்ன வேண்டும், பாகப்பிரிவினையைப் பதிவு செய்தால் என்ன செலவு என்று சொல்லிக் கொடுத்தால் எத்தனை வழக்கு பிறக்காமலே போகும்!

அதிகாரிகள் தரப்பில் இதை வக்கீல்களின் தலையீடு என்று நினைக்கத் தேவையில்லை. வக்கீல்கள் தரப்பிலும், பிறக்காத வழக்கால் பிழைப்புப் போகும் என்று அஞ்சத் தேவையில்லை. பத்திரம் எழுதுவதிலும், ஒப்பந்தம் பார்ப்பதிலும், தறிப்பட்டறைக்கும் சேகோ ஆலைக்கும் சட்ட ஆலோசனை சொல்வதிலும் ஊரில் வேலை கிடக்கிறது. அதற்கு ஆள் தேடி நம் தொழில்காரர்கள் கோவைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். நம்பிக்கை திரும்பினால் அந்தக் கட்சிக்காரர்களும் திரும்புவார்கள்.

ராஜாஜி சேலத்தை விட்டுப் போன பிறகும் இந்தப் பக்கத்தை விடவில்லை. 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அதற்கு இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார். கதரும் மதுவிலக்கும் அங்கே தினசரி வேலை. ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்காக இளைஞர் கல்கி அங்கேயே வந்து தங்கினார். 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அந்த ஆசிரமத்தின் அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது. மதுவிலக்கு பலித்ததா என்பதில் கருத்து வேறுபடலாம். நிலம் கொடுத்தவரும், எழுத வந்தவரும், தொழிலை விட்ட வக்கீலும், ராட்டை சுற்றிய ஊராரும் சேர்ந்ததால்தான் அந்த ஆசிரமம் நடந்தது என்பதில் வேறுபட ஒன்றுமில்லை.

இன்று அவ்வளவு தியாகம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வட்ட சட்டப்பணிகள் குழுவில் ஒரு சீனியரும் இரண்டு ஜூனியர்களும் முறை வைத்து உட்காரட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பங்காளி ஊருக்கு வரும் பொங்கல், ஆடிப் பண்டிகை நாட்களை ஒட்டிக் குடும்பச் சொத்துகளுக்கென்று ஒரு சமரச அமர்வை மாவட்ட நீதிமன்றம் யோசிக்கலாம். கிராம சபையில் தடத் தகராறுகளை எழுதிவைத்து, பேச விருப்பமுள்ளவற்றை மட்டும் குழுவுக்கு அனுப்பலாம். சண்டைக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம்: வக்காலத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே, “பேசி முடிக்க வழி இருக்குதுங்களா?” என்று தம் வக்கீலைக் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் வழக்கில் தோற்றதில்லை.

வட்ட சட்டப்பணிகள் குழுவின் அறை பெரும்பாலும் அந்தந்த நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம், கட்டணமும் இல்லை. எழுத வராதவர்களுக்கு அங்கேயே எழுதித் தருவார்கள். வழக்கு இன்னும் போடாத தகராறையும் எடுத்துக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு அழைப்பை அந்தக் குழுவே அனுப்பிவிடும். பங்காளி வீட்டு வாசலில் போய் முதலில் யார் நிற்பது என்ற கேள்வியே எழாது.